ரஹிமாவுக்கு எழுத்து நிற்கவில்லை

பிள்ளையை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதை ஒரு வேலை என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும் சேர்ந்து இதற்கு வைத்திருக்கிற அத்தனை இன்ஸ்பெக்டர்கள் வேறு எந்த வேலைக்கும் கிடையாது. எழுபதுகளில் செங்கல்பட்டில் நான் ஆறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். மாணவி என் மூத்த மகள் ரஹிமா. நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். என் வீட்டுக்காரர் காதர், பஜாரில் நூல், ஊசி, பொத்தான் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு.

ரஹிமா நன்றாகப் பேசுவாள். ஒரு தடவை கேட்ட கதையை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள். மனக்கணக்கு கேட்டால் என்னைவிட முந்திக்கொள்வாள். எழுத்து மட்டும் நிற்காது. இன்றைக்குச் சொல்லிக்கொடுத்த 'ம' நாளைக்கு 'ப' ஆகிவிடும். பக்கத்தைத் திறந்தால் எல்லாம் எறும்பு மாதிரி நகர்கிறது என்பாள். இப்போது இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் ரெண்டுதான்: மக்கு, சோம்பேறி. அப்படி ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் பலகையும் கையுமாக உட்கார்ந்து பழகியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் தப்பில்லை.

ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள்

மூன்றாம் வகுப்பில் ரஹிமாவை ரெண்டாவது வருஷமாக உட்கார வைத்திருந்தார்கள். வருஷக் கடைசியில் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், வகுப்பில் என் மகள் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தாள். அவமானப்பட்ட முகம்கூட இல்லை. பழகிப்போனவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போட்டார். மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியை கிடைக்காமல் அதையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். "தங்கமான பொண்ணும்மா. ஆனா அடுத்த வருஷம் பூராவும் இதே பெஞ்சுல நிக்கத்தான் போவுது" என்றார். நான் சண்டை போடத்தான் போயிருந்தேன். அவர் குரலில் இருந்த அசதியைக் கேட்டதும் சண்டையை விட்டுவிட்டேன். மகளைப் பெஞ்சிலிருந்து இறக்கி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வாசல் வரைக்கும் கூட வந்தார்.

"எனக்கு அம்பத்தெட்டுப் பிள்ளைங்கம்மா. ஒண்ணு பின்னால நின்னுட்டா நான் திரும்பிப் பார்க்க முடியாது. நீங்க திரும்பிப் பாருங்க."

தெரியவில்லை என்ற டாக்டர்

பக்கத்துத் தெருவில் கன்னியம்மா இருந்தார். படாளத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். இவர் செங்கல்பட்டுக்கு வந்து ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தவர். அவர்தான் "கண்ணு தெரியலையோ, காது கேக்கலையோ, ஒருவாட்டி காட்டிரும்மா" என்று சொல்லி, விடியற்காலையில் எங்களுக்காக வரிசையில் நின்றார். அதற்கு முன்னால் தாயத்து, வல்லாரைக் கீரை, தலைக்கு விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இதே வரிசையில்தான் நடந்திருக்கும்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். காதில் பார்த்தார். ரஹிமாவிடம் பேச்சுக் கொடுத்தார். அவள் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் எப்படிப் பேரம் பேசுவார்கள் என்று நடித்துக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, ஒரு பேப்பரைக் கொடுத்து அவள் பெயரை எழுதச் சொன்னார். அவள் எழுதியதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய வியாதியாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மக்கு, சோம்பேறி என்று எல்லோரும் தெரிந்த மாதிரிச் சொன்ன ஊரில் அவர் ஒருத்தர்தான் இப்படிச் சொன்னார்.

"கண்ணு நல்லா இருக்கு, காது நல்லா இருக்கு, புத்தி என்னைவிட நல்லா இருக்கு. இது என்னான்னு எனக்குத் தெரியலம்மா."

மரக்கோல்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

வீட்டில் பாடம் ஆரம்பித்து ரெண்டு மாசம். 'பட்டம்' என்கிற சொல். அவள் 'படம்' என்றாள். புள்ளி வைத்த எழுத்தைக் காட்டினேன். 'பாடம்' என்றாள். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள், விரலை எடுத்ததும் மறுபடி 'படம்'. பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். கடையில் நாடா அளக்கிற மரக்கோல் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து அவள் புறங்கையில் அடித்தேன். ஒரு அடியோடு நிற்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறாள் என்று அந்த நிமிஷம் நான் உண்மையாகவே நம்பினேன்.

அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வெளியே வந்தாள். புறங்கை வீங்கியிருந்தது. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு சங்கதியைத் தெரியப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னாள். அன்றைக்கு மத்தியானமே கோலைக் கடைக்கு அனுப்பிவிட்டேன், பிறகு அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை.

"அம்மா, அடிச்சா எழுத்து இன்னும் வேகமா ஓடுது."

சாக்குத்துணிப் புத்தகம்

ஓடுகிற எழுத்தை எப்படி நிறுத்துவது? பேப்பரில்தானே ஓடுகிறது, தைத்துவிட்டால் எங்கே ஓடும் என்று ஒரு நாள் தோன்றியது. கடையில் கம்பளி நூல் இருந்தது. பழைய சாக்கைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தைத் தடிமனாகத் தைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, எழுத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. கண் தவறவிட்டதை விரல் பிடித்துக்கொண்டது. முதலில் பைத்தியக்கார வேலை என்று நினைத்த என் வீட்டுக்காரர், கடையைச் சாத்திவிட்டு வந்து எனக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

'கெ', 'கே' வந்தபோது மறுபடி மாட்டிக்கொண்டோம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, சத்தம் மட்டும் எழுத்துக்குப் பின்னால் வருகிறது, அது எப்படி என்று கேட்டாள். அவள் அத்தாவிடம், அதான் என் வீட்டுக்காரரிடம், கேட்டேன். அவர் ரொம்ப யோசித்து, "கேள்வி நியாயமாத்தானே இருக்கு" என்றார். கொம்பை மட்டும் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன். நாலு நாள் அதைத் தடவிக்கொண்டே திரிந்தாள். கோவளத்தில் அவள் அத்தாவின் அக்கா இருந்தார், பிள்ளைகளுக்கு மாமி. அந்தச் சமயம் வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவர் காதில் விழாதபடி ரஹிமா என் காதருகே வந்து சொன்னாள்.

"கொம்பு நம்ம மாமி மாதிரிம்மா. முதல்ல வந்து நின்னுக்கும், கடைசியிலதான் பேசும்."

கோவளத்து மணல்

கோடை முழுக்க மாமி வீட்டுக்குப் போய்விடுவோம். மகாபலிபுரத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் கோவளம். அங்கே கரையில் ஈர மணல் பலகை மாதிரிக் கிடக்கும். அதில் குச்சியால் ஒரு வீட்டு அகலத்துக்கு எழுத்து வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே ரஹிமாவை நடக்கச் சொன்னேன். 'ப'வுக்கு இறங்கித் திரும்பி ஏறினால் போதும். 'ம'வுக்குக் கடைசியில் இன்னொரு வளைவு போக வேண்டும். நடந்து பார்த்த பிறகு அந்த ரெண்டும் அவளுக்குக் குழம்பவே இல்லை. 'ழ'வை நடந்து முடித்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துகொண்டாள்.

மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்தார். தரையையே பார்த்துக்கொண்டு ஒரு பெண் வளைந்து வளைந்து நடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். "இன்னாம்மா, பொண்ணு எதுனா தொலச்சிடுச்சா?" என்றார். இல்லை, படிக்கிறாள் என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, எழுத்தைச் சுற்றி வந்து பார்த்தார். தனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்றார். பிறகு கடலைப் பார்த்தார்.

"இவ்ளோ கிட்ட எழுதினா அலை வந்து அட்ச்சினு பூடும். இன்னும் கொஞ்சம் மேல வந்து எழுதும்மா, பொண்ணு முழுசா நடக்கட்டும்."

செல்வி

சாக்குத்துணி எழுத்துகளைப் பற்றி ஆஸ்பத்திரியில் கன்னியம்மா நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அதோடு தன் மகள் செல்வியையும் கூட்டிவந்தார். செல்விக்கு வயது பத்து. பேச்சு ரெண்டு மூன்று வார்த்தைதான். எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. ரஹிமாவுக்கு வந்தது இவளுக்கும் வரும் என்று நான் தைரியமாக ஏற்றுக்கொண்டேன்.

வரவில்லை. மூன்று வருஷம் தினமும் காலையில் வந்தாள். நான் எத்தனையோ விதமாகப் பார்த்தேன். 'அ' என்கிற ஒரே எழுத்தைக்கூட அவளுக்கு நிலைக்க வைக்க முடியவில்லை. பொத்தான்களை நிறம் பிரித்து வைப்பாள், அதில் தப்பே வராது. ஒரே துளை, ரெண்டு துளை, நாலு துளை என்றும் பிரிப்பாள். ரஹிமா படிக்கும்போது அவள் தோளில் சாய்ந்துகொண்டு கேட்பாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் கன்னியம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னால் முடியவில்லை, என்னை நம்பி நாட்களை வீணாக்காதீர்கள் என்று சொன்னேன். கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்.

"எழுத்து வராட்டி போவுதும்மா. உன் வூட்டுக்கு வர்றதுக்குத்தான் அது தானா தலைய வாரிகினு கெளம்புது. அத நிறுத்திடாத."

தங்கச்சி படிக்கிறாள்

என் சின்ன மகள் நசீமா ரஹிமாவைவிட நாலு வயது இளையவள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். எழுத்து அவளுக்குத் தண்ணீர் மாதிரி வந்தது. ரெண்டாம் வகுப்பில் இருக்கும்போதே அக்காவின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக் கடகடவென்று படித்துவிடுவாள். அந்த நேரத்தில் ரஹிமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

நசீமாவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா முன்னால் மெதுவாகப் படி, கொஞ்சம் திக்கித் திக்கிப் படி என்று சொல்லிவைத்தேன். நல்லது செய்வதாக நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரு கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு வரி. நசீமா சொல்லிவைத்தபடி 'ரா...ஜா... கா...ட்டு...க்கு' என்று இழுத்தாள். ரஹிமா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புத்தகத்தைத் தங்கச்சி பக்கம் நகர்த்தினாள்.

"வேணும்னு தடுமாறாத நசீமா. நீ வேகமாவே படி. எனக்குக் கதை தெரியணும்."

பரீட்சை ஹால்

எட்டாம் வகுப்புப் பரீட்சையைப் பள்ளிக்கூடம் போகாமலும் எழுதலாம் என்று தெரிந்ததும் பணம் கட்டினோம். அதற்குள் ரஹிமா முழுப் பக்கம் படிப்பாள். ஆனால் உதட்டை அசைத்து, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டுதான் படிப்பாள். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. படிக்கிறாளே, அது போதும் என்று இருந்தேன்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் வேப்பமரத்தடியில் நானும் நசீமாவும் காத்திருந்தோம். மணி அடித்துப் பிள்ளைகள் வந்தார்கள். ரஹிமா கடைசியாக வந்தாள். வினாத்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். பிறகு ரிசல்ட் வந்தபோது கணக்கில் பாஸ், தமிழிலும் சரித்திரத்திலும் போயிருந்தது. ரிசல்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. மரத்தடியில் வந்து நின்று அவள் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வாயை மூடிகினு படின்னு சொல்லிட்டாங்கம்மா. வாயை மூடினா எனக்கு எதுவும் கேக்கல."

கையெழுத்து

பரீட்சையில் போன சேதி கோவளத்துக்குப் போனது. மாமி பஸ் பிடித்து வந்துவிட்டார். அவர் மனசில் கெட்ட எண்ணம் இல்லை. பதினாலு வயசுப் பெண்ணைப் போட்டு இப்படி வதைக்கிறோமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். "காதர், இவளைப் பாரு, எலும்பா கீறா. சமையல் தெரியுது, தையல் தெரியுது. நிக்காஹ் புத்தகத்துல கையெழுத்துப் போடத் தெரியுது. இன்னும் என்ன வேணும்?" என்றார்.

என் வீட்டுக்காரர் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். என்னைப் பார்த்தார். எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ரிசல்ட் வந்த நாளிலிருந்து புத்தகத்தை நான் தொடவில்லை, அவளும் தொடவில்லை. சரி, விட்டுவிடலாம் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரஹிமா மாமிக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"போடுறேன் மாமி. எதுல கையெழுத்துப் போடுறேன்னு நானே படிச்சுப் பார்த்துட்டுப் போடுறேன்."

எழுத்தே மாறிய வருஷம்

மறுபடி உட்கார்ந்து பாடம் சூடு பிடித்த நேரத்தில், அரசாங்கம் சில எழுத்துகளை மாற்றிவிட்டது. அந்தக் காலத்தில் 'லை', 'னை', 'ணை' எல்லாம் தலைக்கு மேலே தும்பிக்கை மாதிரி வளைத்து எழுதுவோம். 'றா', 'ணா', 'னா'வுக்குக் கீழே தனியாக ஒரு சுழி உண்டு. இனி அதெல்லாம் வேண்டாம், மற்ற எழுத்துகளுக்குப் போடுகிற அதே கொம்பும் அதே காலும் போதும் என்றார்கள். கேட்க நல்ல சேதிதான். ஆனால் அந்தத் தும்பிக்கையும் சுழியும் ரஹிமாவுக்குப் பிடிபட ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தைத்துத் தைத்து என் விரலில் காய்ப்பு காய்த்திருந்தது.

அவள் அத்தா பேப்பரைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரும் தடுமாறினார். பஜாரில் பக்கத்துக் கடைக்காரர்களும் 'இது என்னா எழுத்து' என்று பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ரஹிமா பேப்பரை வாங்கி, உதட்டை அசைத்து ஒரு பத்தி படித்தாள். இது சுலபமாக இருக்கிறது என்றாள். அத்தாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இப்ப கொஞ்ச நாளைக்கு எல்லாருக்குமே என்னை மாதிரிதான் இருக்கும், இல்லம்மா?"

உதடும் சத்தமும்

ரெண்டாவது தடவை பரீட்சைக்கு நான் முன்கூட்டியே போனேன். பரீட்சைக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் ஹால் வாசலில் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்களிடம் பேசிப் பழக்கம் இல்லாத நான், என் மகள் காதால்தான் படிப்பாள் ஐயா என்று தொடங்கி எதை எதையோ சொன்னேன். மக்கு இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். அவர் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். சட்டத்தை எடுத்துக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கடைசி வரிசையில் சுவர் ஓரமாக ஒரு பெஞ்சைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்தார்.

அந்தத் தடவை ரஹிமா பாஸ். தமிழில் ஒட்டி ஒட்டித்தான் வந்தது. இப்போது அத்தாவின் கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மொத்த வியாபாரிகளிடமிருந்து வருகிற கடிதங்களை உதடு அசைய ரெண்டு தடவை படித்த பிறகுதான் பதில் எழுதுவாள். வாங்க வருகிறவர்கள் அவசரப்படுத்தினால் நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான், பிறகு மறுபடி படிப்பாள். அன்றைக்குப் பெஞ்சைப் போட்டுவிட்டு வந்த ஆசிரியர் கையைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னதை நான் எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன்.

"சத்தம்தாம்மா கூடாது. உதடு அசையக் கூடாதுன்னு எந்த ரூல்லயும் இல்ல."

மற்ற பிள்ளைகள் எட்டு வருஷத்தில் தாண்டுகிற இடத்தைத் தாண்ட எங்களுக்குப் பத்து வருஷம் ஆனது என்று ஊர் கணக்குச் சொல்கிறது. கூடுதலான அந்த ரெண்டு வருஷமும் அவளுக்கு எழுத்து வர ஆனது இல்லை, எனக்குப் புத்தி வர ஆனது.